அளந்தவர்களும் அளந்துவிட்டவர்களும்

கீழ்த் திருப்பதியில் கோவிந்தராஜ சுவாமி படுத்திருக்கிறார். தலைக்கு மரக்கால். தலையணை கிடைக்காமல் இல்லை. தம்பி ஸ்ரீநிவாசன் நாராயணவனத்துப் பெண்ணைக் கட்டிக்கொள்வதற்காகக் குபேரனிடம் கடன் வாங்கினார். பிரம்மாவும் சிவனும் சாட்சி. கலியுகம் முடிகிறவரை வட்டி. வருகிற காசை அளந்து கட்டுகிற வேலை அண்ணன் தலையில் விழுந்தது. அளந்தார், அளந்தார், கை ஓய்கிறவரை அளந்தார். கடைசியில் அளந்த மரக்காலையே தலைக்கு வைத்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். இது ஊர்க் கதை. சிதம்பரத்தில் இருக்க முடியாமல் போன கோவிந்தராஜரை ராமானுஜர் இங்கே எழுந்தருளப் பண்ணினார், அவரைச் சுற்றித்தான் கீழே ஊர் வளர்ந்தது என்பது படித்தவர்கள் சொல்கிற கதை. இரண்டும் இருந்துவிட்டுப் போகட்டும். ஆராய்ச்சி மாணவர்களுக்கு ஒரு குலதெய்வம் வேண்டுமென்றால் இவரைவிடப் பொருத்தமானவர் கிடைக்க மாட்டார். யாருடைய கடனுக்கோ அளப்பது, இரவு பகல் பார்க்காமல் அளப்பது, எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாதது, கருவிமேலேயே தலைவைத்துத் தூங்குவது. ஒன்றுகூடக் குறையவில்லை.

எங்கள் பக்கமே அளக்கிற பக்கம்தான். திருமலையில் பரகாமணியில் உட்கார்ந்து உண்டியல் காசை எண்ணுகிறார்கள். பாகாலாவுக்கும் திருப்பதிக்கும் நடுவே காதங்கியில் 1990-களிலிருந்து ஒரு பெரிய ரேடார் ஆகாயத்தில் அடிக்கிற காற்றை அளந்துகொண்டிருக்கிறது. ஜில்லாவையே எத்தனை தடவை அளந்து வெட்டினார்கள்! 1953-ல் ஆந்திரம் தனியாகப் போனபோது சித்தூர் அதோடு போனது. 1960-ல் திருத்தணி சென்னையோடு சேர்ந்தது. 2022-ல் திருப்பதியும் தனி ஜில்லாவாகிவிட்டது. இப்போது சித்தூரில் இருக்கிற நானும் திருப்பதியில் இருக்கிற அக்காவும் வேறு வேறு ஜில்லா. இதையெல்லாம் தாண்டி, சித்தூர்த் தமிழில் 'அளக்கிறான்' என்று சொன்னால் மரக்காலோடு போகிறவனைச் சொல்கிறோமா, வாயாலேயே அளந்துவிடுகிறவனைச் சொல்கிறோமா என்பது சொல்கிறவர் முகத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

அக்கா பையன் அமெரிக்காவுக்கு மேல்படிப்புக்குப் போன சமயம் இந்தக் குழப்பம் எங்கள் வீட்டில் உச்சத்துக்குப் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. என்னடா ஆராய்ச்சி என்று பாவா கேட்டார். (அக்கா வீட்டுக்காரரை நாங்கள் அத்தான் என்று சொல்வதில்லை. தெலுங்கு தேசத்தில் பிறந்துவிட்டு அந்த அளவுக்காவது விட்டுக்கொடுக்க வேண்டாமா?) பையன் 'பியர்-டு-பியர்' என்றான். லைனில் இரைச்சல். பாவா போனை வைத்துவிட்டு அரைமணி நேரம் யாரோடும் பேசவில்லை. பிறகு அம்மா, "ஏழுமலையான் அடிவாரத்துல பொறந்துட்டு பீர் ஆராய்ச்சியா?" என்று புடவைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டாள். இன்டர்நெட்டை அளக்கிற படிப்பு அது என்று நான் எடுத்துச் சொன்னதில் நிலைமை இன்னும் மோசமாயிற்று. "அளக்கறதுக்கா அமெரிக்கா போனான்? அதை இங்கயே நல்லாத்தானே பண்ணிட்டிருந்தான்" என்றார் பாவா.

விசா கிடைத்தால் மொட்டை போடுவதாக அக்கா வேண்டிக்கொண்டிருந்தாள். மொட்டை அவளுக்கல்ல, பையனுக்கு. வேண்டுதல் ஒருவர் பெயரில், செலுத்துவது இன்னொருவர் தலையில். அந்தக் கடனைத் தீர்க்க அவன் வந்து சேர்ந்தது 2004 ஜனவரியில். அலிபிரியிலிருந்து நடந்து ஏறுவது என்று முடிவானது. ஒன்பது கிலோமீட்டர், மூவாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் படிகள். பாவாவுக்கு மூட்டுவலி என்பதால் பஸ். நானும் பையனும் பாதாள மண்டபத்தில் கும்பிட்டுவிட்டு விடியற்காலை நாலு மணிக்குக் காலை எடுத்துவைத்தோம். என் இணையக் கல்வி முழுவதும் அந்தப் படிகளில் நடந்ததுதான். அதனால் நான் சொல்வதில் கொஞ்சம் மூச்சு வாங்கும்.

"பியர்னா என்னடா தமிழ்ல?" என்று முதல் நூறு படிக்குள் கேட்டேன். அப்போதுதான் எனக்குப் பேச முடிந்தது.

"சரிசமமா இருக்கறவங்க, மாமா. பெரியவன் சின்னவன் இல்லாம."

"பங்காளின்னு சொல்லு."

அவன் யோசித்தான். அமெரிக்காவில் இத்தனை பேர் இத்தனை கட்டுரை எழுதியும் இந்தச் சொல் யாருக்கும் தோன்றவில்லையே என்கிற மாதிரி என்னைப் பார்த்தான். சரியான சொல்தான். பங்காளி என்றால் சொத்தில் சம உரிமை. ஆனால் ஒருவன் கிணற்றில் இன்னொருவன் தண்ணீர் இறைத்தால் வெட்டுக்குத்து. பியர்-டு-பியர் வலையின் வரலாறு முழுக்க இந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. அதை அளந்து நிரூபிக்கக் கொஞ்சம் பேர் பட்டம் வாங்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

வரலாறு இப்படி. 1999-ல் ஷான் ஃபேனிங் என்கிற கல்லூரிப் பையன் நாப்ஸ்டர் என்று ஒன்றைச் செய்தான். உன்னிடம் இருக்கிற பாட்டு என் கம்ப்யூட்டருக்கு, என்னிடம் இருப்பது உனக்கு. யாரிடம் எது இருக்கிறது என்கிற பட்டியல் மட்டும் நடுவே ஒரு சர்வரில். பட்டியல் ஒரே இடத்தில் இருந்ததால் கோர்ட் அமீனா போய் நிற்கவும் ஒரே இடம் போதுமாக இருந்தது. பாட்டுக் கம்பெனிகள் அந்த டிசம்பரிலேயே வழக்குப் போட்டன. அடுத்த வருஷம் மெட்டாலிக்கா என்கிற கூட்டத்தின் டிரம்ஸ்காரர், தங்கள் பாட்டை எடுத்தவர்கள் என்று மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்களைப் பெட்டி பெட்டியாகக் காகிதத்தில் அச்சடித்துக் கொண்டுபோய் இறக்கினார். உலகிலேயே முதன்முதலாக இன்டர்நெட்டைக் காகிதத்தில் அளந்தவர் அவராகத்தான் இருப்பார். 2001 ஜூலையில் நாப்ஸ்டர் கடையைச் சாத்தியது.

அதற்குள் அடுத்த அவதாரம் வந்துவிட்டது. 2000 மார்ச்சில் நல்சாஃப்ட் என்கிற கம்பெனியில் ஜஸ்டின் ஃபிராங்கலும் டாம் பெப்பரும் நுடெல்லா என்று ஒன்றை எழுதி வெளியே விட்டார்கள். அந்தக் கம்பெனியோ ஏ.ஓ.எல்.லுக்குச் சொந்தம். ஏ.ஓ.எல்.லோ ஒரு பெரிய பாட்டுக் கம்பெனியை வைத்திருந்த டைம் வார்னரோடு கல்யாணப் பேச்சில் இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் வருகிற நாளில் கொல்லைப்புறத்தில் சாராயம் காய்ச்சிய கதை. மறுநாளே இழுத்து மூடினார்கள். ஆனால் ஒரு நாள் போதும். விஷயம் ஊருக்குள் போய்விட்டது.

நுடெல்லாவில் நடுவே பட்டியல் கிடையாது. எனக்கு ஒரு பாட்டு வேண்டுமென்றால் பக்கத்து நாலு பேரைக் கேட்பேன். அவர்கள் தங்கள் பக்கத்தில் இருக்கிற நாலு பேரைக் கேட்பார்கள். சித்தூர்ப் பஜாரில் ஒரு பெண்ணுக்கு வரன் பார்ப்பது போலத்தான். இப்படியே விட்டால் கேள்வி உலகம் முழுக்கச் சுற்றிக்கொண்டே இருக்கும் என்பதால், ஏழு கை மாறியதும் கேள்வி செத்துப்போகும்படி ஓர் எண்ணைக் கட்டி அனுப்புவது வழக்கம். ஏழு! "ஏழு மலை தாண்டினா முடிஞ்சுதுன்னு யாரோ நம்ம ஊர்க்காரன்தான் வெச்சிருக்கணும்" என்றேன். பையன் மறுக்கவில்லை. ஒன்று, மரியாதை. இன்னொன்று, அவனுக்கும் அப்போது மூச்சு வாங்கியது.

மேலே எங்கோ இருட்டில் ஒரு கூட்டம் "ஏடுகொண்டலவாடா!" என்றது. கீழேயிருந்து எங்களுக்குப் பின்னால் வந்த கூட்டம் "கோவிந்தா!" என்றது.

"இதுதான் மாமா பிங்" என்றான் பையன்.

1983 டிசம்பரில் மைக் மூஸ் என்கிற அமெரிக்கர் எழுதியது. எதிர்முனையில் இருக்கிற கம்ப்யூட்டரைப் பார்த்து ஒரு சத்தம் கொடுப்பது. அது திருப்பிச் சத்தம் கொடுக்கும். எத்தனை நேரத்தில் வந்தது என்று பார்த்தால் எவ்வளவு தொலைவு என்று தெரியும். வரவில்லை என்றால் செத்துவிட்டது, அல்லது வாயைத் திறக்க விருப்பமில்லை. கோவிந்தா போடுகிறவர்களிலும் இந்த இரண்டு ரகம் உண்டு.

எதிர்முனை எவ்வளவு தூரம் என்பது தெரிந்துவிட்டது. வழியில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரிய வேண்டுமே? அதற்கு 1987-ல் வான் ஜேகப்சன் ஒரு குயுக்தி செய்தார், டிரேஸ்ரூட் என்று பெயர். பையன் அதைச் சொல்லி எனக்கு விளங்கவில்லை. நானாக இட்லியில் போட்டுப் பார்த்ததும் விளங்கியது. ஒவ்வொரு மண்டபத்திலும் ஓர் இட்லி தின்றாக வேண்டும், இட்லி தீர்ந்த இடத்தில் நின்று ஊரின் பெயரைச் சொல்லிக் கத்த வேண்டும் என்று சட்டம் போட்டு ஆளை மலைக்கு அனுப்புகிறீர்கள். முதல் ஆளிடம் ஓர் இட்லி. அவன் முதல் மண்டபத்திலேயே கத்துகிறான். இரண்டாவது ஆளிடம் இரண்டு. அவன் அடுத்ததில் கத்துகிறான். இப்படி மூன்று, நாலு என்று ஏற்றிக்கொண்டே போனால், நீங்கள் அலிபிரியில் உட்கார்ந்தபடியே காளி கோபுரம், நரசிம்மர் கோயில், மோகாள்ள மெட்டு என்று வழி முழுவதும் எழுதிவிடலாம். ஒரு படிகூட ஏற வேண்டாம். பாவாவுக்கென்றே கண்டுபிடித்தது மாதிரி இருக்கிறது.

இந்த வித்தையை நம் ஊரில் அந்தக் காலத்தில் போட்டுப் பார்த்தவர்கள் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். விதேஷ் சஞ்சார் நிகம் 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டது. சுதந்திர தினம். பிறகு தனியார் கம்பெனிகளும் வந்தன. ஆனால் ஒரு கம்பெனிக்காரன் இன்னொரு கம்பெனிக்காரனோடு உள்ளூரில் பேசிக்கொள்ள மாட்டான். பங்காளிச் சண்டை. சித்தூரிலிருந்து சென்னை நூற்றைம்பது கிலோமீட்டர். நான் அனுப்பிய கடிதம், வாங்குகிறவர் வேறு கம்பெனியில் இருந்தால், கடல் தாண்டி அமெரிக்கா போய், அங்கே கைமாறி, திரும்பச் சென்னைக்கு வரும். 2003-ல் நிக்ஸி என்று நடுவே ஒரு சந்திப்பை வைத்த பிறகுதான் இவர்கள் உள்ளூரில் முகம் கொடுத்துப் பேச ஆரம்பித்தார்கள். அதற்கு முன்னால் எங்கள் தெருவில் எத்தனை பேர் விசாவுக்கு வரிசையில் நின்றார்கள்! அவர்களுடைய மெயில் மட்டும் தினமும் போய்விட்டு வந்துகொண்டிருந்தது.

காளி கோபுரம் வந்தது. செங்குத்துப் படி தீர்ந்த சந்தோஷத்தில் டீ வாங்கினோம். அங்கேதான் பையன் அவனுடைய உலகத்துப் பெரியவர்களைப் பற்றிச் சொன்னான்.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஸ்டீஃபன் சரோயு, கிருஷ்ணா கும்மடி என்று இரண்டு மாணவர்கள், அவர்களுக்கு ஸ்டீவன் கிரிபிள் என்று ஒரு வாத்தியார். கும்மடி சென்னை ஐ.ஐ.டி.யில் 2000-ல் பட்டம் வாங்கியவர். எல்லாரும் பாட்டு இறக்கிக்கொண்டிருந்த நேரத்தில் இவர்கள், இறக்குகிறவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று இறக்கிப் பார்த்தார்கள். 2001 மே மாதம் எட்டு நாள் நுடெல்லாவைச் சுற்றிச் சுற்றி வந்து பன்னிரண்டு லட்சத்துக்கும் மேலான பங்காளிகளைக் கணக்கெடுத்தார்கள். நாப்ஸ்டரில் ஐந்து லட்சம்.

வலை பற்றி அப்போது பேசப்பட்டதெல்லாம் சமத்துவம், ஜனநாயகம், மேல் கீழ் இல்லை என்றுதான். போய் அளந்தால் என்ன வந்தது? நுடெல்லாவில் நாலில் ஒருவர் ஒரு கோப்புகூடக் கொடுக்கவில்லை. வெறும் 7 சதவீதம் பேர் வைத்திருந்தது மற்ற எல்லாரும் சேர்ந்து வைத்திருந்ததைவிட அதிகம். வருகிறவர்களில் பாதிப் பேர் ஒரு மணி நேரத்துக்குள் எழுந்து போய்விடுகிறார்கள். அதற்கும் முந்தைய வருஷம் ஏடாரும் ஹூபர்மனும் செய்த இன்னொரு கணக்கெடுப்பில் கொடுக்காதவர்கள் ஏறக்குறைய 70 சதவீதம். பந்தியில் எத்தனை பேர் மொய் எழுதினார்கள் என்று பார்த்த மாதிரிதான்.

எனக்குப் பிடித்தது வேறொன்று. நாப்ஸ்டரில் சேரும்போது உன் இணைப்பின் வேகம் என்ன என்று கேட்பார்கள். நீயே சொல்லலாம். வேகமானவன் என்று தெரிந்தால் எல்லாரும் உன்னிடமே வந்து நிற்பார்கள், உன் லைன் அடைத்துக்கொள்ளும். ஆகவே? 64 கிலோபிட் அல்லது அதற்கும் கீழே என்று சொன்னவர்களில் 30 சதவீதம் வரை நிஜத்தில் அதைவிட நிறைய வேகம் வைத்திருந்தவர்கள். எதிர்ப்பக்கமும் ஆட்கள் உண்டு. மூன்று மெகாபிட் என்று மீசையை முறுக்கியவர்களில் பத்தில் ஒருவரிடம் அவ்வளவு இல்லை. ஒரு கூட்டம் ஏழை என்று அளந்தது, இன்னொரு கூட்டம் பணக்காரன் என்று அளந்தது, நடுவே மூன்று பேர் உட்கார்ந்து நிஜமாகவே அளந்தார்கள்.

"அவன் பொய் சொல்றான்னு எப்படிடா தெரிஞ்சுது? வீட்டுக்குப் போய்ப் பார்த்தாங்களா?"

"சித்தூர்ல இருந்து ரெண்டு பஸ்ஸை ஒட்டி ஒட்டி அனுப்புங்க மாமா. நடுவுல ஒரு குறுகல் பாலம். ஒண்ணு தாண்டினாத்தான் இன்னொண்ணு நுழைய முடியும். திருப்பதில ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு நேரம் இடைவெளின்னு பாருங்க. பாலம் எவ்வளவு குறுகல்னு தெரிஞ்சுடும். யாரையும் கேக்கவேண்டாம்."

கேட்காமல் அளப்பது. மூன்றடி மண் கேட்ட வாமனன்கூட மகாபலியிடம் அனுமதி வாங்கித்தான் அளந்தான். அந்த அனுமதிப் பத்திரத்தில் அடியின் நீளத்தை எழுதாமல் விட்டான் என்பது வேறு விஷயம். இப்போதெல்லாம் பல்கலைக்கழகங்களில் அதற்கென்று கமிட்டி இருக்கிறதாம். மூன்றாவது அடியை எங்கே வைப்பதாக உத்தேசம் என்று முன்கூட்டியே படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

இதே ஆட்கள் 2002-ல் செய்த இன்னொரு வேலைக்குக் கிங் என்று பெயர். இரண்டு கம்ப்யூட்டர்களுக்கு நடுவே எவ்வளவு நேரத் தொலைவு என்று தெரிய வேண்டும், ஆனால் இரண்டுமே உன்னுடையது அல்ல, அதில் ஒரு புரோகிராம் போடவும் விடமாட்டார்கள். என்ன செய்யலாம்? இன்டர்நெட்டில் ஊர் ஊருக்குப் பெயர் சொல்லும் சர்வர்கள் உண்டு. உனக்குத் தெரியாத பெயரை உனக்காக இன்னொன்றிடம் கேட்டுச் சொல்வது அவற்றின் தொழில். அதைப் பிடித்துக்கொண்டார்கள். சென்னையிலிருந்து சித்தூர் சித்தப்பாவுக்கு போன் போட்டு, "திருப்பதி அத்தைகிட்ட கிருத்திகை எப்பன்னு கேட்டுச் சொல்லுங்க, லைன்லயே இருக்கேன்" என்பது. பதில் வர ஆன மொத்த நேரத்தில், சித்தப்பாவோடு பேச மட்டும் ஆகிற நேரத்தைக் கழித்தால், மிச்சம் சித்தப்பாவுக்கும் அத்தைக்கும் நடுவே உள்ள தொலைவு. இரண்டு பேருக்கும் தாங்கள் அளக்கப்படுகிறோம் என்றே தெரியாது. கிருத்திகை எப்போது என்று யாருக்கும் அக்கறையும் இல்லை. இதைக் கேட்டபோதுதான், இந்தப் படிப்பு நம் குடும்பத்துப் பெண்கள் வெகு காலமாகச் செய்துவருவதுதான் என்று எனக்கு நிச்சயமாயிற்று.

நடுவே 2001-ல், கத்திக் கத்திக் கேட்காமல் கணக்குப் போட்டே பொருள் இருக்கும் இடத்துக்குப் போகிற வித்தைகளும் வந்தன. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த ஹரி பாலகிருஷ்ணன் எம்.ஐ.டி.யில் இன்னும் சிலரோடு சேர்ந்து கார்ட் என்று ஒன்று செய்தார். புனேயில் படித்த சில்வியா ரத்னசாமி பெர்க்லியில் மாணவியாக இருந்தபோது கேன் என்று ஒன்று. கார்டில் பத்து லட்சம் பங்காளிகள் இருந்தாலும் ஏறக்குறைய இருபது கை மாறுவதற்குள் ஆள் கிடைத்துவிடும். பையன் இதை மான் பூங்கா ஓரமாக நடக்கும்போது அரைமணி நேரம் விளக்கினான். மான்கள் நன்றாக இருந்தன.

மோகாள்ள மெட்டு. ராமானுஜர் இந்தப் படிகளை முழங்காலால் ஏறினார் என்பார்கள். நான் அமெரிக்கக் காலுறையோடு ஏறினேன். பையன் வாங்கிவந்தது.

கல்யாணகட்டாவில் மொட்டை ஆயிற்று. பிறகு வைகுண்டம் வரிசை. பாவாவும் அக்காவும் சேர்ந்துகொண்டார்கள். கூண்டில் அடைத்து உட்கார வைத்தார்கள். மூன்று மணி நேரம் ஆயிற்று. கதவு திறக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும், எல்லாரும் எழுந்து நிற்பார்கள், திறக்காது, எல்லாரும் உட்காருவார்கள். ஒருவர்கூட வீட்டுக்குப் போகிறேன் என்று எழுந்து போகவில்லை.

பையன் தலையைத் தடவிக்கொண்டே, "கஸா கட்டுரையில இதான் மாமா எழுதியிருக்காங்க" என்றான்.

கஸா நாப்ஸ்டருக்கு அப்புறம் வந்த பங்காளி வலை. பின்னால் ஸ்கைப்பைக் கொண்டுவந்த ஜென்ஸ்ட்ரோம், ஃப்ரீஸ் என்கிற இருவரின் சரக்கு. கும்மடியும் அவருடைய கூட்டாளிகளும் தங்கள் பல்கலைக்கழக வாசலிலேயே உட்கார்ந்து, 200 நாள், உள்ளே வெளியே போன கஸா சரக்கு 20 டெராபைட்டுக்கும் மேல் அளந்து, 2003 அக்டோபரில் வெளியிட்டிருந்தார்கள். வலைப்பக்கம் பத்து விநாடி தாமதித்தால் திட்டுகிற அதே ஆசாமி, சினிமா இறக்கும்போது முனிவராகிவிடுகிறான். பெரிய கோப்புகளில் பாதிக்கு ஒரு நாளுக்கு மேல் ஆகிறது. ஐந்தில் ஒன்றுக்கு ஒரு வாரத்துக்கும் மேல். காத்திருக்கிறார்கள். கூண்டில் எங்களுக்கு எதிரே ஒருவர் தயிர்சாதப் பொட்டலத்தைப் பிரித்துச் சாவதானமாகத் தின்றுகொண்டிருந்தார். கட்டுரையின் முதல் படமாக அவரைப் போட்டிருக்கலாம்.

இன்னொரு கண்டுபிடிப்பு: பாட்டையும் சினிமாவையும் ஒருவன் ஒரு தடவைதான் இறக்குவான். செய்திப் பக்கத்தைப் போல நாளுக்குப் பத்து தடவை திறக்க மாட்டான். அதனால் எது எவ்வளவு பிரபலம் என்கிற பழைய கணக்கு இங்கே பொருந்தவில்லை. இதைக் கேட்டுக்கொண்டிருந்த அக்கா, "பார்த்தாச்சுன்னு யாராவது பெருமாளை விடறாங்களா? அது எந்தக் கணக்கு?" என்றாள். அது வலைப்பக்கக் கணக்கு என்று பையன் ஒப்புக்கொண்டான்.

ஆனால் அந்தக் கட்டுரையில் எனக்கு மறக்காமல் நிற்கிற எண் 86. மாணவர்கள் வெளியிலிருந்து, கடல் தாண்டியெல்லாம் கஷ்டப்பட்டு இறக்கியதில் நூற்றுக்கு 86 பங்கு, ஏற்கெனவே அதே பல்கலைக்கழகத்துக்குள் இன்னொருவன் கம்ப்யூட்டரில் இருந்தது. அடுத்த அறையில் இருந்திருக்கலாம். கட்டிலுக்குக் கீழே இருந்திருக்கலாம். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறவர்களை நம் பாட்டிகள் பார்த்தவர்கள்தான், ஆனால் சதவீதம் போட்டதில்லை.

கதவு திறந்தது. தள்ளுமுள்ளில் உள்ளே போனோம். ரங்கநாயகுல மண்டபத்தைத் தாண்டும்போது பாவா, ஸ்ரீரங்கத்து உற்சவர் 14-ஆம் நூற்றாண்டில் தில்லிப் படைகளுக்குப் பயந்து இங்கே வந்து வருஷக்கணக்கில் தங்கிய கதையைச் சொன்னார். 1371-ல்தான் திரும்ப ஸ்ரீரங்கம் போய்ச் சேர்ந்தார். ஒரு சர்வர் விழுந்தால் இன்னொன்று தாங்கும்படி முன்கூட்டியே ஒரு பிரதியை எடுத்து வேறிடத்தில் வைப்பதைப் பற்றிப் பையன் வாயைத் திறந்தான். நல்லவேளை, அதற்குள் எங்களைப் பிடித்துத் தள்ளி, பெருமாளைக் காட்டி, வெளியேயும் தள்ளிவிட்டார்கள். மூன்று மணி நேரக் காத்திருப்புக்கு மூன்று விநாடி. என் பழைய மோடம் இதைவிட மோசமில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவன் அமெரிக்காவில் நடக்கிறதைச் சொன்னான். 2003 செப்டம்பரில் பாட்டுக் கம்பெனிகள் 261 பேர்மீது ஒரே நாளில் வழக்குப் போட்டன. அதில் ஒன்று 12 வயதுச் சிறுமி. இரண்டாயிரம் டாலர் கட்டிச் சமரசமானது. கொடுக்கிற ஆட்களைப் பிடித்தார்களே தவிர, எடுக்கிறவர்களைப் பிடிக்கவில்லை. கொடுத்தவன்தானே கண்ணில் படுவான்! எதுவும் கொடுக்காமல் தின்றுவிட்டுப் போனவனை எந்த நோட்டில் தேடுவது? இதற்குப் பிராம் கோஹன் என்பவர் 2001-லேயே மருந்து கண்டுபிடித்திருந்தார், பிட்டோரன்ட் என்று பெயர். நீ எனக்குக் கொடுக்கிற வேகத்துக்குத்தான் நான் உனக்குக் கொடுப்பேன். கொடுக்காதவனுக்குக் கை மூடிவிடும். மொய் நோட்டேதான். எங்கள் பக்கத்துத் தெலுங்குக் கல்யாணங்களில் யார் எவ்வளவு வைத்தார்கள் என்று சபையில் படித்தே காட்டுவார்கள், அதற்குச் 'சதிவிம்புலு' என்று பெயர். அமெரிக்காக்காரனுக்குக் காலம் தாழ்ந்து புத்தி வந்திருக்கிறது.

கீழே இறங்கியதும் கோவிந்தராஜரையும் பார்த்துவிடலாம் என்றாள் அக்கா. மாலை நேரம், கூட்டமில்லை. மரக்காலைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தார். மொட்டைத் தலையோடு பையன் வெகுநேரம் நின்று பார்த்தான். இரண்டு வருஷ உழைப்பின் களைப்பு அவன் முகத்திலும் தெரிந்தது. ஆய்வேட்டுக்கு இன்னும் எத்தனை வருஷம் என்று நான் கேட்கவில்லை. அந்தக் கேள்வியை ஆராய்ச்சி மாணவனிடம் கேட்பது பாவம் என்று படியிலேயே சொல்லி வைத்திருந்தான்.

வெளியே வந்து செருப்பு மாட்டும்போது பாவாவின் பங்காளி ஒருவர் எதிர்ப்பட்டார். சித்தூர்ப் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கிறவர். அடுத்த மாதம் பெரிய பெண்ணுக்குக் கல்யாணம், கைமாற்றுக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறார் என்று வீட்டில் பேச்சு. பையனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அமெரிக்காவா அப்பா? என்ன கொடுக்கறாங்க?"

பையன் என்னை ஒரு தடவை பார்த்தான். பிறகு மொட்டையைத் தடவியபடி, "எங்க பெரியப்பா, ஸ்டூடன்ட்தானே. வாடகைக்கும் சாப்பாட்டுக்குமே சரியாப் போயிடுது" என்றான்.

"64 கிலோபிட்" என்று நான் அவன் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

பாவா விடவில்லை. "உங்க தோட்டம் எப்படிண்ணா இந்த வருஷம்? தோதாபுரிக்கு ஃபேக்டரில நல்ல ரேட்டுன்னாங்களே?"

"அட நீங்க ஒண்ணு! பூவே எடுக்கலை, தம்பி" என்றார் பங்காளி. சொல்லிவிட்டு, பக்கத்தில் நிறுத்தியிருந்த புது டாடா சுமோவின் கதவைத் திறந்து ஏறினார். நம்பர் பிளேட்டில் மஞ்சளும் குங்குமமும் இன்னும் காயவில்லை.